எனக்குப் பதில் பதில் போட்டவன்

இனிமே என் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லப் போறதில்லன்னு ஒரு புதன்கிழமை முடிவு பண்ணேன்.

அவசரப்பட்டுக் கைதட்டாதீங்க. வீரம்லாம் ஒண்ணும் கெடையாது. எனக்குப் பதிலா பதில் சொல்ல ஒரு ஆளப் போட்டேன், அவ்வளவுதான். அந்த ஆளு யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். அப்பறம் சிரிப்பு வரல.

என் பேரு கொளஞ்சியப்பன். குடிகாட்டுப் பக்கம் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்துக்கிற ஆளு. கம்பெனி முழுக்க ஒரே சாஃப்ட்வேர். மெயிலு, காலண்டரு, லீவு கேக்குறது, மீட்டிங் போடறது எல்லாம் அதுக்குள்ளயே. அதுக்குள்ள நாமளே சின்னச் சின்னதா புரோகிராம் எழுதி வச்சுடலாம். நாம டீ குடிக்கப் போனாலும் அது பாட்டுக்கு சர்வர்ல ஓடி வேலைய முடிச்சுடும். அந்தப் புரோகிராமுக்கு ஏஜெண்ட்டுன்னு பேரு. "மாப்ள ஏஜெண்ட் எழுதறாரு"ன்னு யாரோ சொல்லப் போயி, என் மாமியா செல்லாயி அம்மா தன் பேருல ஒரு பாலிசி போடச் சொல்லி ரொம்ப நாளு கேட்டுக்கிட்டிருந்தாங்க.

என் பொண்டாட்டி எழிலரசி. அதே கம்பெனியோட சிதம்பரம் டெப்போவுல கணக்கு எழுதுறா. நாங்க குடியிருந்தது கடலூர் மஞ்சக்குப்பம். எனக்குத் தெருமுனையிலயே கம்பெனி பஸ்ஸு, ஜன்னலோர சீட்டு. அவளுக்குக் கவர்மெண்ட் பஸ்ஸு, சிதம்பரம் வரைக்கும் நின்னுக்கிட்டே. சாயங்காலமும் அதே கதை. வந்ததும் செருப்பக் கழட்டிட்டு, கால நீட்டி, கணுக்கால அமுக்கிக்கிட்டே கேப்பா.

"மாமா, சிதம்பரத்துலயே வீடு பாத்துக்கலாமா?"

"பாத்துக்கலாம்."

இந்த ஒரு வார்த்தைய வச்சே நான் ரெண்டு வருசம் ஓட்டுனேன். கேக்குறதுக்கு சம்மதம் மாதிரியே இருக்கும். சம்மதம் கெடையாது. சிதம்பரத்துக்குக் குடி போனா கம்பெனி பஸ்ஸு போச்சு. மஞ்சக்குப்பம் கேரம் கிளப்பு போச்சு. அவ கால் வலிக்குது, வாஸ்தவம். ஆனா அது அவ கால்தானேன்னு இருந்துட்டேன். அவ்வளவு மோசமான ஆளு நான்.

வாயால கேட்டா நான் டிவி சத்தத்தக் கூட்டிடறேன்னு தெரிஞ்சுக்கிட்டு, அவ ஆபீஸ் மெயில்ல கேக்க ஆரம்பிச்சா. இங்கிலீஷ் எழுத்துல தமிழு. "மாமா, மேலவீதிக்குப் பின்னாடி ஒரு வீடு காலி." "மாமா, நல்ல தண்ணி வருதாம்." "மாமா, பதில் போடுங்க." இங்க டிவி கெடையாது. பதில் போட்டே ஆவணும்.

அதுக்குத்தான் ஏஜெண்ட்.

அரைமணிக்கொருக்கா அது என் மெயில் பெட்டிய எட்டிப் பாக்கும். எழிலரசி மெயில் வந்திருக்கா? அதுல 'வீடு'ங்கிற வார்த்தை இருக்கா? இருந்தா என்ன மாசம்னு பாக்கும். ஆடின்னா, "ஆடியில யாராச்சும் செய்வாங்களா? ஆவணி பொறக்கட்டும்." மார்கழின்னா, தை பொறக்கட்டும். நல்ல மாசமா இருந்து தொலைஞ்சா அஷ்டமி, நவமி, கரிநாள். ஒண்ணும் சிக்கலன்னா இருக்கவே இருக்கு, "பாத்துக்கலாம்." வீட்டுப் பேச்சே இல்லாத மெயிலுக்கு மொட்டையா "சரி."

அப்ப ஆடி மாசம். ஏஜெண்ட்டு பிரமாதமா வேலை செஞ்சுச்சு. நான் நிம்மதியா கேரம் ஆடுனேன். ஒரே ஒரு சேதாரம்தான். "ஆடித் தள்ளுபடியில எனக்கு என்ன எடுக்கட்டும் மாமா?"ன்னு அவ கேட்டிருக்கா. ஏஜெண்ட்டு 'சரி'ன்னுருக்கு. எஸ், ஏ, ஆர், ஐ. நான் எழுதுனது சரி, அவ படிச்சது சாரி. பட்டுச் சேலை ஒண்ணும் காட்டன் சேலை ஒண்ணும் வந்து எறங்குச்சு. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்.

அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் அவ பஸ் எறங்கி வந்தா. மொகத்துல ஒரு சிரிப்பு. கல்யாணமான புதுசுல பாத்த சிரிப்பு.

"என்னா மாமா, இப்பிடி எழுதிட்டீங்க?"

"எப்பிடி?"

"போங்க மாமா!"

சொல்லிட்டு உள்ள போயி வவ்வா மீன் வறுத்தா. அதுவும் வார நாள்ல. முள்ளு தொண்டையில குத்துன மாதிரியே எனக்கு ஒரு ரோசனை. ஏஜெண்ட்டுக்குத் தெரிஞ்சது மாசமும் கரிநாளும்தான். அதுக்கு எந்தப் பொம்பள மீன் வறுப்பா?

மறுநாள் ஆபீஸ் போனதும், அனுப்புன மெயிலெல்லாம் இருக்கிற எடத்தத் தொறந்து பாத்தேன். கடைசியா ஒண்ணு இருந்துச்சு.

"எழிலு, நின்னுக்கிட்டே போயி வந்து உன் கணுக்கால் வீங்கிக் கெடக்கு. நான் டெய்லி பாக்கறேன். பாத்துட்டு டிவி பக்கம் திரும்பிக்கிறேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

அனுப்புனது, கொளஞ்சியப்பன்.

அது நான் எழுதல. அது போன நேரத்துல நான் பிளாண்ட்டுக்குள்ள பிரிண்டர் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தேன், கையெல்லாம் மை. 'எழிலு'ன்னு அவளக் கூப்புட்டு எத்தனையோ வருசமாச்சு. அந்தப் பேரு எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. தப்பும் தவறுமா எழுதியிருந்தாக்கூட தேவல. அதுல இருந்தது அத்தனையும் நெசம். அதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

பக்கத்து சீட்டு கதிர்வேல். எழிலரசிக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான்.

"மச்சான், நாம எழுதாதத ஏஜெண்ட்டு எழுதுமா?"

"எழுதாதே."

"எழுதுதே!"

"நீ மனசுல நெனச்சியா?"

"நெனச்சேன்யா. எழுதல."

கதிர்வேல் ரெண்டு பக்கமும் பாத்துட்டு, சேரை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டான். "அப்ப அதுக்குக் கேட்டுருக்கு"ன்னான், மெதுவா.

ரெண்டு பேரும் சர்வர் ரூமுக்குப் போனோம். ஜன்னல் இல்லாத ரூமு. ஏசி குளிரு. பிளாண்ட் ஓடுற சத்தம் செவுத்துக்குள்ளேருந்து யாரோ முனகுற மாதிரி கேக்கும். மருந்து வாசனை வேற, அழுகுன பூண்டு மாதிரி. வரிசையா மின்னிக்கிட்டிருந்த பச்சை லைட்டெல்லாம் நான் உள்ள காலெடுத்து வச்சதும் ஒரு தரம் நின்னுட்டு, அப்பறம் மின்னுச்சு. கதிர்வேல் ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்து, குங்குமம் தடவி, சர்வர் தலையில வச்சான்.

"இது எதுக்குய்யா?"

"அதுக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியும்னு என்னா நிச்சயம்?"

நான் எழுதுன ஏஜெண்ட்ட ஒவ்வொரு வரியாப் படிச்சேன். அதே ஆடி, அதே கரிநாள். 'எழிலு' எங்கயும் கெடையாது. ஏஜெண்ட்ட நிறுத்துனேன். அப்பறம் அழிச்சே புட்டேன். பாஸ்வேர்டையும் மாத்துனேன். பழசு எழிலரசி பேரு. புதுசும் எழிலரசி பேருதான், பின்னாடி ஒரு நம்பரு. வேற பேரு வச்சா எங்க வீட்ல என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கே அவளுக்கு இன்னொரு பதில் போச்சு.

"எழிலு, முந்தாநாளு ஆபீஸ்ல லேட்டாயிடுச்சுன்னு சொன்னது பொய். கேரம் ஆடிக்கிட்டிருந்தேன். தோத்துட்டேன்."

தோத்ததக் கூடச் சொல்லிடுச்சுங்க அந்தச் சனியன்! ஏஜெண்ட்டே இல்ல, பதில் மட்டும் போவுது. அழிச்சதுக்கப்பறமும் நடமாடுனா அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நாற்காலிய ஒரு முழம் பின்னாடி தள்ளிப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

திட்டு விழும்னு பயந்து வீட்டுக்குப் போனா, அவ காப்பி குடுக்குறா.

"பொய் சொன்னதுக்குக் கோவம் இல்லியா?"

"உண்மைய எழுதிட்டீங்களே மாமா. மெயில்ல வர்ற மனுசனுக்கு ஒளிக்கவே தெரியல. அவருகிட்ட எப்பிடிக் கோவிச்சுக்கிறது?"

"அவரு யாரு அவரு? நான்தானே அது?"

"நீங்கதானே மாமா?"

"நான்தான்."

"அப்பறம் என்னா? ஆனா ஒண்ணு. மெயில்ல இருக்கிற மாமா எங்கிட்ட எவ்வளவு பேசறாரு! வீட்ல இருக்கிற மாமா ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரே."

என்னத்தச் சொல்லுவேன்? நான் இல்லன்னு சொன்னா ஏஜெண்ட்டு வச்சது வெளிய வந்துடும். நான்தான்னு சொன்னா அவன் எழுதுனதுக்கெல்லாம் நான் தலையாட்டணும். எவனோ ஒருத்தன் என் பேருல என் பொண்டாட்டிகிட்ட நல்ல பேரு வாங்கிக்கிட்டிருக்கான். எனக்கு ஒரு பக்கம் பயமா இருக்கு, இன்னொரு பக்கம் பத்திக்கிட்டு எரியுது.

அடுத்து வந்தது ஞாயித்துக்கிழமை. "கெளம்புங்க மாமா, வீடு பாக்கப் போலாம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க"ன்னா. நான் எழுதலன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டேன்.

சிதம்பரத்துல மேலவீதிக்குப் பின்னாடி ஒரு சந்து. உச்சி வெயிலு. சந்துல ஒரு ஈ காக்கா இல்ல. வீட்டுக்கார அம்மா பேரு ரத்தினம்மாள். என்னப் பாத்ததும் ரொம்ப நாள் பழகுன மாதிரி சிரிச்சாங்க.

"வாங்க தம்பி. நீங்க எழுதுனதெல்லாம் எழிலு படிச்சுக் காட்டுச்சு. அதேபடி செஞ்சு வச்சிருக்கேன், பாருங்க."

"எதேபடி?"

"நீங்க கேட்டபடிதான்."

காலி வீடு. எங்க காலடிச் சத்தம் எங்களுக்கே திரும்பி வருது. ரூமுக்குள்ள நொழஞ்சு, பழக்க தோசத்துல சட்டைய மாட்டக் கைய நீட்டுனேன். நீட்டுன எடத்துல ஆணி இருந்துச்சு. சரியா என் கை ஒயரத்துக்கு, புது ஆணி. கூடத்துக்கு வந்தேன். நடுக்கூடத்துல ஒரு லைட்ட ஒயர் போட்டு தாழ்வாத் தொங்க விட்டிருந்தாங்க.

"இது எதுக்கும்மா?"

"மறந்துட்டீங்களா தம்பி? கேரம் போர்டுக்கு நேரா தொங்கணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க."

கூடத்துல ஃபேன் கெடையாது, காத்தும் இல்ல. அந்த லைட்டு மட்டும் லேசா ஆடிக்கிட்டிருந்துச்சு. எவன் எனக்குப் பதில் பதில் போட்டானோ, அவன் எனக்கு முன்னாடியே இங்க குடிவந்துட்டான். எங்க சட்டைய மாட்டணும், எங்க உக்காரணும்னு எல்லாம் பாத்து வச்சுட்டான். இந்த வீட்ல இனிமே நான்தான் விருந்தாளி.

"புடிச்சிருக்கா மாமா?"ன்னா எழிலரசி, வாசப்படியில நின்னுக்கிட்டு.

"பாத்துக்கலாம்"னேன். குரலு என்னுது மாதிரியே இல்ல.

ஆவணி பொறந்துச்சு. ஒரு நல்ல நாளு, காலை நேரம். அந்த ஆளக் கையும் களவுமாப் புடிச்சே ஆவணும்னு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தேன். எழிலரசி மெயில் வந்துச்சு.

"மாமா, இன்னிக்கு நாள் நல்லா இருக்கு. அம்மா அந்த வீட்டுக்கு வந்துட்டாங்க. பால் காய்ச்சிடட்டுமா?"

தெரியாத்தனமாக் கூட எந்தக் கீயும் தட்டிடக் கூடாதுன்னு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன். கண்ணு ஸ்கிரீன்லயே. மூச்சு விடல. பக்கத்துல கதிர்வேல் போன்ல ஏதோ குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்கான். அத யாரு கவனிச்சா?

அனுப்புன மெயில் வரிசையில புதுசா ஒண்ணு வந்து நின்னுச்சு. அனுப்புனது, கொளஞ்சியப்பன்.

"காய்ச்சட்டும் எழிலு."

அதுக்குக் கீழ, கொஞ்சம் எடம் விட்டு, இன்னொரு வரி.

"கொளஞ்சி, தொடைக்கு அடியில கைய வச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப?"

நான் அலறுன அலறல்ல பிளாண்ட்டுல ஆபத்துச் சங்கு ஊதிட்டாங்கன்னு ரெண்டு பேரு வெளிய ஓடுனாங்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் அவுங்களுக்கு முன்னாடியே ஓடிட்டேன். ரோட்டுக்கு வந்து கெடச்ச சிதம்பரம் பஸ்ஸுல ஏறிட்டேன். உக்கார எடம் இல்ல. ஒருத்தர் முழங்கை என் விலாவுல, ஒரு கூடை என் கால் மேல. ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள குதிகால் கெஞ்சுது. புதுச்சத்திரத்துல எறங்குனவங்க நாலு பேரு, ஏறுனவங்க அதவிட ஜாஸ்தி. பி.முட்லூர் கிட்ட வர்றப்ப கணுக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இதத்தான் அவ ரெண்டு வருசமா டெய்லி ரெண்டு தரம் பண்றா. பேய்ப் பயத்துக்கு நடுவுலயும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பேய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே!

டெப்போவுக்குள்ள நொண்டிக்கிட்டே ஓடுனேன். எழிலரசி தன் சீட்டுல உக்காந்திருந்தா.

"எழிலு! அது நான் இல்ல! அந்த மெயிலு எதுவும் நான் எழுதல! எவனோ... எதுவோ எழுதுது!"

"தெரியும் மாமா. உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தெரியுமா?"

"நான்தானே எழுதுனேன்."

தண்ணி பொரை ஏறிடுச்சு. தலையில தட்டிக்கிட்டே சொன்னா.

"போன வருசம் உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப, லீவு கேக்க, மெயில் பாக்கன்னு உங்க பெட்டியத் தொறக்க எனக்குப் பர்மிஷன் குடுத்தீங்க. திருப்பி எடுக்கவே இல்ல."

"பாஸ்வேர்ட மாத்துனேனே!"

"அது உங்க வாசலுக்குப் பூட்டு. எனக்குத் தனி வாசல் மாமா."

"என் பேரு மட்டும்தானே தெரிஞ்சுது? எனக்காக நீ அனுப்புனா உன் பேரும் சேந்துல்ல காட்டணும்?"

"அத மறைக்கத்தான் ஒரு ஏஜெண்ட்டு எழுத வேண்டியதாப் போச்சு."

"உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"நீங்கதான். நீங்க எழுதி வச்சிருந்தத பிரிண்ட் எடுத்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே படிச்சேன்."

"நான் தோத்தது? கை தொடைக்கு அடியில இருந்தது?"

"தோத்தது கிளப்புலேருந்து கதிர் அண்ணன் காதுக்கு வந்துச்சு. கையி, கதிர் அண்ணன் பக்கத்துலேருந்து போன்ல சொன்னாரு. எலுமிச்சம்பழம் மட்டும் நான் சொல்லல மாமா, அது அவரா வச்சது."

அடப்பாவி மச்சான்!

"ஏஜெண்ட்டு வச்சிருக்கேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். 'வீடு பெருக்குற முத்தம்மாள் வரல, நீங்க பெருக்கிடறீங்களா'ன்னு கேட்டேன். 'ஆடியில யாராச்சும் செய்வாங்களா? ஆவணி பொறக்கட்டும்'னு பதில் வந்துச்சு. எந்த ஊர்ல மாமா ஆவணி வரைக்கும் வீடு பெருக்காம இருப்பாங்க?"

நான் மிச்சத் தண்ணியையும் குடிச்சேன்.

"அது கூடப் பரவால்ல"ன்னா. இப்ப அவ சிரிக்கல. "நான் கேட்டு அரைமணி நேரத்துல பதில் வந்துச்சு பாருங்க, அப்பவே இது நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. என் கால் வலிக்குதான்னு நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு எவ்வளவு நாள் பாத்தேன் தெரியுமா? கேக்கல. அதான் நீங்க கேட்ட மாதிரி நானே எழுதி, நானே படிச்சுக்கிட்டேன்."

நாற்காலிய அவ பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தேன். டெப்போ ஆளுங்க பாக்குறாங்க, பாத்துட்டுப் போவட்டும். அவ கைய எடுத்து என் கையில வச்சுக்கிட்டேன். மெயில் இல்ல, ஏஜெண்ட் இல்ல, கரிநாள் இல்ல.

"எழிலு, என்ன மன்னிச்சுடு. நாம இங்கயே குடி வந்துடலாம். இத நானே சொல்றேன், என் வாயாலயே சொல்றேன். எப்ப வரலாம்னு மட்டும் சொல்லு, மறுபேச்சு இல்ல."

அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா. "நெஜமாவா மாமா?"ன்னா. "நெஜமா"ன்னேன். அப்பிடியே என் தோள்ல சாஞ்சு, மேசை மேல இருந்த போன எடுத்துப் பாத்தா.

"ரொம்ப சந்தோசம் மாமா. நம்ம சாமான் ஏத்துன லாரி ஆலப்பாக்கம் தாண்டிடுச்சாம்."